எழுத்தாளராக ஆசைப்படும் மகள்: சிட்னி அப்பா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மகள் ஹெச்எஸ்சி (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதப்போகிறாள், ஏடார் (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தர எண்) 99-ஐத் தொடும் என்று பள்ளியில் சொல்கிறார்கள், ஆனால் அவளோ ஆர்ட்ஸ்தான் படிப்பேன், நாவலும் விமர்சனமும் வாழ்க்கை வரலாறும் எழுதப்போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "மார்க் வீணாகிவிடும், அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மார்க் வீணாகும் என்ற கவலையை இன்றே விட்டுவிடுங்கள். கேட்ட படிப்பில் இடம் கிடைப்பதற்குத்தான் ஏடார். சேர்ந்த பிறகு அதை யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுக் கவலை நியாயமானது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மெக்குவாரி பல்கலைக்கழகம் 2022-ல் ஆஸ்திரேலிய எழுத்தாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், எழுத்திலிருந்து மட்டும் கிடைக்கும் சராசரி வருமானம் ஆண்டுக்கு 18,200 டாலர். வாரத்துக்கு 350 டாலர். சிட்னியில் ஒரு அறை எடுத்துத் தங்கினால் வாடகைக்கே சரியாகப் போய்விடும். அதுவும் சராசரிதான்; நன்றாக விற்கும் சிலர் அதை மேலே இழுத்துவிடுகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு அதற்கும் கீழேதான். எனவே எழுதியே பிழைக்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியாது. ஆனால் இந்தத் துறையில் நின்றவர்கள் பலர் பக்கத்தில் ஒரு சம்பள வேலையை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். மகளோடு நீங்கள் பேச வேண்டியது அந்த வேலை எது என்பதைத்தான்.

உங்கள் மகள் சொல்லும் மூன்றையும் செய்த ஒருவர் சிட்னியிலேயே வாழ்ந்திருக்கிறார். மார்ஜரி பர்னார்ட், 1897-ல் ஆஷ்ஃபீல்டில் பிறந்தவர். சிட்னி பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, முதல் வகுப்பு ஆனர்ஸும் பல்கலைக்கழகப் பதக்கமும் வாங்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவித்தொகை வந்தது. அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். பர்னார்ட் ஒரே பிள்ளை. அந்த அப்பாவின் மனசு உங்களுக்குப் புரியாமல் போகாது. ஆனாலும் நான் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நிற்கிறேன். அவ்வளவு உழைத்து வாங்கிய இடம் அது.

ஆக்ஸ்ஃபோர்டு போகாத பர்னார்ட் நூலகப் பயிற்சி எடுத்து, பொது நூலகத்திலும் பிறகு சிட்னி டெக்னிக்கல் காலேஜ் நூலகத்திலும் வேலை பார்த்தார். பல்கலைக்கழகத்தில் பழக்கமான ஃபுளோரா எல்டர்ஷா பள்ளி ஆசிரியை. இருவரும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சேர்ந்து எழுதினார்கள், 'எம். பர்னார்ட் எல்டர்ஷா' என்று ஒரே பெயரில். அவர்களுடைய முதல் நாவல் 1928-ல் 'தி புல்லட்டின்' பத்திரிகை நடத்திய போட்டியில் இன்னொரு நாவலோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அப்போது பர்னார்டுக்கு வயது 31.

அந்தப் பரிசு வந்ததும் அவர் வேலையை விட்டுவிடவில்லை. 1935 வரை நூலகத்தில்தான் இருந்தார். அதற்குப் பிறகு பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு முழுநேரமாக எழுதினார். அந்த ஆண்டுகளின் விளைச்சலைப் பாருங்கள்: 1938-ல் ஆஸ்திரேலியப் புனைகதை பற்றிய விமர்சனக் கட்டுரைத் தொகுப்பு, அதே ஆண்டில் நியூ சவுத் வேல்ஸின் முதல் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் பற்றிய நூல், 1939-ல் கேப்டன் ஜான் பைப்பரின் வாழ்க்கை வரலாறு, 1941-ல் ஆளுநர் மெக்குவாரி காலத்துச் சிட்னி பற்றி ஒன்று. இத்தனைக்கும் பிறகு 1942-ல் மறுபடி நூலக வேலைக்குப் போய், 1950 வரை பார்த்தார். சிறுகதைத் தொகுப்பு 1943-ல், வேலையில் இருக்கும்போதே வந்தது. நூலக வேலைக்கு மறுபடி போனதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. திரும்பிப் போவதற்கு ஒரு தொழில் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் துறையில் பலன் எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கும் அவர் வாழ்க்கையே சாட்சி. இருவரும் சேர்ந்து எழுதிய கடைசி நாவலில் அரசியல் பகுதிகளைப் போர்க்காலத் தணிக்கை வெட்டியது. 1947-ல் வெட்டுப்பட்டபடியே வெளிவந்தது. முழு நாவல் அச்சில் வந்தது 1983-ல். அதே ஆண்டில்தான், 86-ஆம் வயதில், அவருக்குப் பேட்ரிக் ஒயிட் விருது கிடைத்தது. நீண்ட காலம் எழுதியும் உரிய கவனம் கிடைக்காதவர்களுக்காக, நாவலாசிரியர் ஒயிட் தன் நோபல் பரிசுப் பணத்தில் ஏற்படுத்திய விருது அது. இடையில் 1967-ல், நாவலாசிரியை மைல்ஸ் பிராங்க்ளினைப் பற்றிய முதல் முழுநீள வாழ்க்கை வரலாற்றையும் பர்னார்ட் எழுதி முடித்திருந்தார். அதே பிராங்க்ளினைப் பற்றி 2008-ல் விரிவான வாழ்க்கை வரலாறு கொண்டுவந்த ஜில் ரோ, கால் நூற்றாண்டுக்கு மேல் அதற்கு உழைத்தார். அவருக்கு மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் சம்பளம் இருந்தது. சம்பளம் இல்லாமல் ஒரு புத்தகத்துக்கு அத்தனை ஆண்டு கொடுக்க யாரால் முடியும்?

சரி, உங்கள் மகளுக்கு எந்த வேலை? என் கருத்தைச் சொல்கிறேன். நூலகமும் ஆவணக் காப்பகமும் நல்ல இடம். பட்டம் முடித்தபின் நூலகத் துறையில் முதுநிலைப் படிப்பு வேண்டும். சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆசிரியர் வேலை நிச்சயமானது, ஆனால் விடைத்தாளும் அறிக்கையும் மாலை நேரத்தைத் தின்றுவிடும். எழுத நினைப்பவர்கள் அதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். பதிப்பகத்தில் எடிட்டர் வேலை ஆசையாகத்தான் இருக்கும். இடம் குறைவு, சம்பளமும் குறைவு. பல்கலைக்கழக வேலைக்கு ஆனர்ஸ் (பட்டத்துக்கு மேல் ஓர் ஆய்வு ஆண்டு), பிறகு முனைவர் பட்டம் என்று நீண்ட வழி. ஆய்வுக் காலத்தில் உதவித்தொகை கிடைக்கலாம். முடித்தபின் பல வருடம் கேஷுவலாக, நிரந்தர வேலை இல்லாமல், வகுப்பு எடுத்துக்கொண்டே காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சட்டம் படித்துவிட்டு எழுத முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 2023-ல் மைல்ஸ் பிராங்க்ளின் விருது வாங்கிய சங்கரி சந்திரன் நம் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண், வழக்கறிஞர். விருது வாங்கிய அந்த நாவல் மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் நடக்கும் கதை. வீட்டில் எல்லோரும் படியுங்கள். ஆனால் சட்டத்தில் மனசு இல்லாத பெண்ணை உங்கள் நிம்மதிக்காக அங்கே தள்ளினால், ஐந்து வருடமும் போகும், எழுத்தும் போகும். அவளுக்கே விருப்பம் இருந்தால் மட்டும் ஆர்ட்ஸ்-லா சேர்த்துப் படிக்கட்டும்.

கட்டணம் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இங்கே பட்டத்துக்கு ஒரே கட்டணம் கிடையாது, பாடத்துக்குப் பாடம் மாறும். 2021-ல் வந்த மாற்றத்தில் வரலாறு போன்ற பாடங்கள் முழு ஆண்டுக்கு 14,500 டாலர் ஆனது. ஆங்கிலமும் மொழிப் பாடங்களும் 3,950 டாலருக்கு இறங்கின. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் ஏறி வருகிறது. ஆக ஆங்கிலத்தை முதன்மையாக எடுத்து, கூட ஒரு மொழியும் சேர்த்துப் படித்தால், ஆர்ட்ஸ் பட்டத்தின் கடன் நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது. வரலாறு வேண்டுமென்றால் எத்தனை பாடம் என்று எண்ணிப் பார்த்து எடுக்கட்டும். வாழ்க்கை வரலாறு எழுத ஆசை என்றால் கொஞ்சமாவது வரலாறு வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

கட்டணத்துக்காக அரசு தரும் ஹெக்ஸ் கடனை 2025-26 நிலவரப்படி ஆண்டு வருமானம் 67,000 டாலரைத் தாண்டிய பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் அந்தக் கடன் பொதுவாகக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். மகள் இன்னும் பிஆரில்தான் (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) இருக்கிறாள் என்றால், இடம் கிடைத்தாலும் கட்டணத்தைக் கையிலிருந்து முன்கூட்டியே கட்ட நேரிடும். நீங்கள் இதைக் கடிதத்தில் சொல்லவில்லை. முதலில் அதைப் பாருங்கள். குடியுரிமைக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது, மகள் இப்போதே செய்யக்கூடியவை. மாநில நூலகத்தில் கையெழுத்துப் பிரதிகள் உள்ள மிட்செல் பிரிவுக்கு ஒரு நாள் போகச் சொல்லுங்கள். வாசகர் அட்டை இலவசம். யாராவது ஒரு எழுத்தாளரின் கடிதப் பெட்டியை முன்பதிவு செய்து, பென்சிலோடு உட்கார்ந்து படிக்கட்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை. கையெழுத்துப் புரியாது, பாதிக் கடிதங்களில் தேதி இருக்காது, நாள் முழுக்கத் தேடினாலும் உருப்படியாக ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஒரு வரிக்காக முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தால், வாழ்க்கை வரலாறு எழுதும் குணம் அவளிடம் இருக்கிறது. அலுத்துப்போய் வந்தால், நாவலையும் விமர்சனத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். குறை ஒன்றும் இல்லை.

விமர்சனத்துக்கு வேறு பயிற்சி. இந்த ஆண்டு வெளிவந்த ஒரு நாவலை எடுத்து, இரண்டு முறை படித்து, எண்ணூறு வார்த்தைக்குள் எழுதட்டும். கதைச்சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் போகக்கூடாது. நன்றாக இல்லை என்று சொன்னால் எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்தில் என்று காட்ட வேண்டும். அப்புறம் 'ஆஸ்திரேலியன் புக் ரிவ்யூ', 'சிட்னி ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இரண்டிலும் அனுபவசாலிகள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பல்கலைக்கழகம் போனதும் மாணவர் பத்திரிகையில் எழுதத் தொடங்கட்டும். கெடுவுக்குள் ஒழுங்காக எழுதிக் கொடுப்பவருக்கு அடுத்த புத்தகம் தானாக வரும்.

பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யுஏசியில் ஐந்து படிப்பு விருப்பங்கள் வரை போடலாம், ஏடார் வந்த பிறகும் மாற்றலாம். அதனால் இந்த மாதமே வீட்டில் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டிய அவசரம் இல்லை. அடுத்த வாரம் மூவரும் வாருங்கள். ஐந்து விருப்பங்களை மகள் தன் கையால் எழுதிக்கொண்டு வரட்டும், கூடவே அவள் எழுதிய இரண்டு புத்தக விமர்சனங்களும் வேண்டும். உங்களுக்கும் ஒரு வேலை: மூன்று ஆண்டுக்கு வீட்டிலிருந்து என்ன உதவி செய்ய முடியும், என்ன முடியாது என்று அம்மாவும் நீங்களும் பேசி, தொகையோடு எழுதிக்கொண்டு வாருங்கள். அதை அவள் முன்னாலேயே வைத்துப் பேசுவோம்.