தெய்வத்துக்குப் புள்ளி போடலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், அவர்களில் ஒருவர் முஸ்லிம். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் ரோல்பிளே விளையாட்டுக்காகப் புராணங்களை வைத்து ஒரு கற்பனை உலகத்தை அமைத்து வருகிறோம். சிவன், முருகன் முதலிய தெய்வங்களுக்கு உயிர்ப்புள்ளிகளும் தாக்குதல் புள்ளிகளும் கொடுத்துவிட்டோம். இராவணனைத் தீயவனாக வைத்திருக்கிறோம். பனிமலைகளும் கோட்டைகளும் கொண்ட வரைபடமும் தயார். இதில் தவறேதும் உண்டா? - வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: முயற்சியில் தவறில்லை. தொடங்கிய இடம்தான் தவறு. புராணத்திலிருந்து பெயர்களையும் ஆயுதங்களையும் எடுத்துக்கொண்டீர்கள், புராண உலகம் எந்த விதிப்படி நடக்கிறதோ அந்த விதியை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

இந்த வகை விளையாட்டு முதன்முதல் அச்சில் வந்தது 1974இல், அமெரிக்காவில். அதைப் படைத்தவர்கள் 1977இல் வெளியிட்ட அரக்கர் தொகுதியில் நம் இராட்சதனுக்குப் புலித்தலை வைத்தார்கள். 1980இல் வந்த தெய்வத் தொகுதியில் இந்தியத் தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி போட்டார்கள். அவர்களுக்கு அவை தொலைதூர நாட்டுக் கதைகள். திருகோணமலைக் கோணேசர் கோயில் மணியோசை கேட்கும் ஊரில் இருந்துகொண்டு நீங்களும் அதையே செய்ய வேண்டிய தேவை என்ன? உயிர்ப்புள்ளி என்பது குறைந்து பூச்சியமாகக் கூடிய ஒன்று. பிறப்பும் இறப்பும் அறியாதவர் என்று பாடப்பட்டவருக்கு அதைக் கொடுத்தால், பக்தி ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் உலகமே தன் மூலநூலோடு முரண்படுகிறது. அந்தப் பக்கங்களை நீக்கிவிடுங்கள்.

புராண உலகின் விதி வரத்தில் இருக்கிறது. தவம் செய்தவன் யாராயினும், தேவனோ அசுரனோ, அவனுக்கு வரம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த வரம் சொல்லுக்குச் சொல் பலிக்கும். ஆனால் கேட்டவன் எதைக் கேட்காமல் விட்டானோ அந்த இடைவெளி வழியாகவே அவன் முடிவு வரும். மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும் சாகாத வரம் பெற்ற இரணியன், அந்திப் பொழுதில் வாசற்படியில் நரசிங்கத்தின் நகங்களால் மாண்டான். தேவர், அசுரர் அனைவரிடமிருந்தும் காப்புக் கேட்ட இராவணன், மனிதரைப் பொருட்படுத்தாமல் விட்டான். இதைவிடச் சிறந்த விளையாட்டு விதி எங்கே கிடைக்கும்? உங்கள் உலகில் ஒரு பாத்திரம் தவத்தை முடித்ததும், ஆடுபவர் தாம் விரும்பும் வரத்தை ஒரே வாக்கியத்தில் தம் கையாலேயே எழுதட்டும். அதன் பின் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது என்று வையுங்கள். எதிரியின் வரத்தில் உள்ள ஓட்டையைத் தேடுவதே குழுவின் வேலையாகட்டும். சாபத்துக்கும் இப்படியொரு விதி உண்டு: இட்டவரே நினைத்தாலும் அதை மீளப்பெற முடியாது, விமோசனத்தை மட்டுமே சேர்த்துச் சொல்லலாம். இந்த இரண்டும் இருந்தால் பகடையின் வேலை பாதியாகக் குறைந்துவிடும், அது நல்லதுதான்.

வெற்றியையும் நீங்கள் மீளச் சிந்திக்க வேண்டும். கொன்றால் புள்ளி என்ற கணக்கு இங்கே செல்லாது. நம் கோயில்களில் ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லக் காலங்காலமாகப் படிக்கப்பட்டு வரும் கந்தபுராணம் 10,000க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அத்தனை பாடல்களும் எதை நோக்கிச் செல்கின்றன என்று பாருங்கள். 1008 அண்டங்களை 108 யுகம் ஆள வரம் பெற்ற சூரபன்மன், கடைசியில் கடல் நடுவே மாமரமாய் நின்று, வேலால் பிளக்கப்பட்டு, சேவலும் மயிலுமாகிறான். தன்னை வென்றவனுக்கே கொடியாகவும் வாகனமாகவும் ஆகிறான். இதை நம்மவர் ஆட்கொள்ளல் என்பர். பகைவனை என்னவாக மாற்றினோம் என்பதற்குத்தான் உங்கள் உலகில் மதிப்பெண் இருக்க வேண்டும்.

இராவணனைத் தீயவன் என்ற பெட்டியில் போட்டதைத் திருகோணமலையில் பிறந்த எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் பிளவை இராவணன் வெட்டு என்கிறோம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை, தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்று சொல்லி வருகிறோம். சம்பந்தர் நம் ஊர்ப் பதிகத்தின் 8ஆம் பாடலில் 'எடுத்தவன் தருக்கை இழித்தவர்' (கயிலையைத் தூக்கியவனின் செருக்கை அடக்கியவர்) என்று தொடங்கி, அவன் ஏத்தியதையும் பேறு கிடைத்ததையும் அதே மூச்சில் பாடுகிறார். செருக்கு, வீழ்ச்சி, பாட்டு, அருள் நான்கும் ஒருவனிடமே இருக்கின்றன. 2019இல் விண்ணுக்குச் சென்ற இலங்கையின் முதற் செய்மதிக்கும் இராவணா-1 என்றே பெயர் வைத்தார்கள். இன்று அவனைத் தம்மவன் என்று சிங்களவரிலும் தமிழரிலும் பலர் கொண்டாடுகிறார்கள். இத்தனை பேர் உரிமை கொண்டாடும் ஒருவனை எளிய வில்லனாக்குவது உங்களுக்கே இழப்பு.

வரைபடத்தின் பனிமலைகளையும் எடுத்துவிடுங்கள். அதே பதிகம் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று, முத்தைக் கரையில் ஒதுக்கும் கடலைக் காட்டுகிறது.

ஆடுபவர்கள் யாராக இருக்கலாம் என்பதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். கோணேசர் கல்வெட்டு என்ற நூல், குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிற்பணிக்கு அமர்த்திய தானத்தார், வரிப்பத்தார் என்ற பணியாளர் பிரிவினரையும் அவரவர் தொழும்பையும் (கோயில் தொண்டையும்) வகுத்துச் சொல்கிறது. வாள்வீரன், மந்திரவாதி என்ற இரவல் வகைகளுக்குப் பதிலாக இத்தகைய பணிமரபுகளைக் கொள்ளலாம். 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். மண்ணுள் மறைக்கப்பட்ட விக்கிரகங்களிற் சில 1950இல் கிணறு வெட்டும்போது வெளிவந்தன. பெயர்களை மாற்றி, நாட்டையும் கற்பனையாக்கி, இடிபட்ட கோயிலின் திருவுருவை இரவோடிரவாகக் காட்டு வழியே தூக்கிச் செல்லும் ஐந்து எளிய மனிதரோடு உங்கள் கதையைத் தொடங்குங்கள். அங்கே தெய்வத்துக்குப் புள்ளி வேண்டியதில்லை. அதன் பாரம் அவர்கள் தோளில் இருக்கும்.

பாவமாகிவிடுமோ என்ற அச்சம் உங்கள் கேள்விக்குள் இருப்பது தெரிகிறது. மட்டக்களப்புப் பகுதியின் கொம்பு விளையாட்டில் ஊரே கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி என இரண்டாகப் பிரிந்து கொம்புகளைப் பூட்டி இழுக்கும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் நோன்பிருந்தவர்கள் பாண்டவர் வேடம் தாங்கி வனவாசம் போய்த் தீ மிதிக்கிறார்கள். தெய்வக் கதைக்குள் ஆளாக நுழைந்து ஆடுவது கிழக்கிலங்கைக்குப் புதிதன்று. உங்கள் ஆட்டத்தை நடத்துபவரைக் கூத்து மரபின்படி அண்ணாவியார் என்றே அழைக்கலாம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. சம்பந்தர் பதிகங்களில் 10ஆம் பாடல் வழக்கமாகச் சமணரையும் பௌத்தரையும் கண்டிக்கும். அது அந்த நூற்றாண்டின் வாதம். அதை எடுத்து ஒரு மதத்தாரை எதிரிக் கூட்டமாக உங்கள் உலகில் எழுதினால், கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் இந்த ஊரில் அது விளையாட்டாக நிற்காது. எதிரியை வரத்தின் பேராசையிலிருந்து படையுங்கள், வழிபாட்டிலிருந்து படைக்க வேண்டாம். எழுதி முடித்ததும் முதலில் உங்கள் முஸ்லிம் நண்பரிடம் வாசிக்கக் கொடுங்கள். தமக்கு இதில் நிற்க இடமில்லை என்று அவர் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறாரோ, அதைத் திருத்திய பிறகு ஆட உட்காருங்கள்.