நல்ல சீட்டு தோற்ற ராத்திரி

கேள்வி: எனக்கு வயது 28. குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. அப்பாவோடு நானும் பால்வெட்டுக்குப் போகிறேன். ஞாயிறு ராத்திரி மார்த்தாண்டத்தில் ஒரு நண்பன் வீட்டு மாடியில் ஏழு பேர் கூடி போக்கர் ஆடுகிறோம். காசு கிடையாது, சிப்ஸ் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) மட்டும்தான். முதல் ஒரு மணி நேரம் பொறுமையாக ஆடுவேன். ஒரு பெரிய கை போய்விட்டால், அதற்கப்புறம் வருகிற சீட்டை எல்லாம் ஆடி மொத்தத்தையும் தொலைத்துவிடுவேன். போன வாரம் என் கையில் ரெண்டு ஏஸ். ரெண்டு கிளாவர் வைத்திருந்தவன் கடைசிச் சீட்டில் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் அஞ்சு சீட்டு) அடித்துவிட்டான். அடுத்த கையிலேயே ஜாக்கும் ஆறும் வைத்துக்கொண்டு இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் வைத்து ஆல் இன் போனேன். இன்னொரு பக்கம், நல்ல சீட்டு இருக்கும்போது எவனாவது தொகையைப் பெரிதாக உயர்த்தி ரெய்ஸ் செய்தால் சீட்டைக் கீழே வைத்து ஃபோல்டு செய்துவிடுகிறேன். அவன் ஒன்றுமில்லாத சீட்டைக் காட்டி, 'என்னடே, பயந்துட்டியா?' என்கிறான். கட்டுப்பாடும் தன்னம்பிக்கையும் எப்படி வரும்? ஒருவன் காசு கட்டி ஆடும் ஆப் ஒன்றைக் காட்டுகிறான். இன்னொருவன் கோவாவுக்குக் கூப்பிடுகிறான். போகலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் இருபத்தெட்டு ஆடியிருப்பீர்கள்தானே? உங்கள் பக்கத்தில் அது தெரியாத வீடு குறைவு. உங்கள் சிக்கலில் பாதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

இருபத்தெட்டில் நாலு பேர், 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. முதல் நாலு சீட்டைப் பார்த்ததும் எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்டுவிட வேண்டும். மீதி நாலு அப்புறம்தான் வரும். பாதி தெரிந்து பாதி தெரியாமல் முடிவெடுக்கிற பழக்கம் அதில் கிடைக்கிறது. போக்கருக்கு இது நல்ல அஸ்திவாரம். ஆனால் சீட்டு எவ்வளவு மோசமாக வந்தாலும் இருபத்தெட்டில் எட்டையும் ஆடித்தான் தீர வேண்டும், நடுவில் எழுந்து போக முடியாது. போதாததற்கு எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறார். தோற்றால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

போக்கரில் இந்த இரண்டும் கிடையாது. கையில் ரெண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு: முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). எந்தச் சுற்றிலும் 'எனக்கு வேண்டாம்' என்று கீழே வைத்துவிடலாம். அந்த உரிமைதான் போக்கரின் உயிர். அதைப் பயன்படுத்தாதவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சிப்ஸை மெதுவாகப் பக்கத்து ஆளிடம் தள்ளிக்கொண்டே இருப்பார். சீட்டை வைப்பது பயம் என்று உங்கள் நண்பர் சொல்கிறார். நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்றால், நிறைய. 52 சீட்டில் ரெண்டு சீட்டுக் கை 1,326 விதமாக வரலாம். ஜோடியாக வரும் கைகளையும், ரெண்டுமே பத்தும் அதற்கு மேலுமான கைகளையும் மட்டும் ஆடுவது என்று வையுங்கள். எண்ணிப் பார்த்தால் 238 கைகள்தான் தேறும், அதாவது அஞ்சில் ஒன்றுக்கும் குறைவு. தொடக்கத்தில் இந்த ஒரு விதி போதும். முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தால் இதிலும் கிங்-பத்து, குயின்-ஜாக் மாதிரி சிலவற்றை விட்டுவிடுங்கள். டீலர் பட்டன் (அந்தக் கைக்கு டீலர் யார் என்று காட்டும் வில்லை) உங்கள் முன்னால் இருந்தால், ஃப்ளாப்புக்கு அப்புறம் மற்ற எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் உங்கள் முறை வரும். அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். இந்த விதியின்படி ஜாக்கும் ஆறும் எந்த இடத்திலும் தேறாது.

இதை நான் சொல்லித்தான் நீங்கள் படிக்க வேண்டும் என்றில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தானே மரத்தை வெட்டுகிறீர்கள்? விடுகிற நாளில் கத்தி வைத்தாலும் பால் வரும், ஆனாலும் வைக்க மாட்டீர்கள். பட்டையில் ஆழம் போனால் அப்போதைக்குப் பால் கூடும், மரம் கெட்டுப்போகும் என்றும் தெரியும். அந்தக் கை அடக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாடிக்கு அதைக் கொண்டுபோகாமல் விட்டிருக்கிறீர்கள்.

சரி, அந்த ரெண்டு ஏஸ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அதுதான்.

ரெண்டு ஏஸ் 221 கைக்கு ஒருமுறை வரும். நீங்கள் ஒரு ராத்திரி நூறு கை ஆடினால், ரெண்டு ஞாயிறுக்கு ஒருமுறை கண்ணில் படும். அவ்வளவு அபூர்வமாக வந்த கை தோற்றால் ஏதோ அநியாயம் நடந்த மாதிரி இருக்கும். ஆனால் ஃப்ளாப்பில் ரெண்டு கிளாவர் விழுந்து, எதிராளி கையிலும் ரெண்டு கிளாவர் இருந்தால், மிச்சமுள்ள ரெண்டு சீட்டில் அவருக்கு ஃப்ளஷ் முடியும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம். மூன்றில் ஒன்று. மூன்று முறைக்கு ஒருமுறை நடப்பதை அதிசயம் என்று யாரும் சொல்வதில்லை. கிங் ஜோடிக்கு எதிராகக் கடைசிவரை போனாலும் ஏஸ் ஜோடி ஜெயிப்பது நூற்றுக்கு 82 முறைதான். மீதி 18 ராத்திரிகளும் யாராவது ஒருவருக்கு வந்துதானே ஆக வேண்டும்?

அந்தக் கையை நீங்கள் சரியாகத்தான் ஆடியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முன்னால் இருக்கும்போதே சிப்ஸை நடுவில் வைத்தீர்கள், அவ்வளவுதான் உங்கள் வேலை. ரிவரில் எந்தச் சீட்டு திரும்பும் என்பது யார் கையிலும் இல்லை. தவறு நடந்தது அதற்கு அடுத்த கையில். தோல்வியின் சூட்டில் நிதானம் இழந்து ஆடுவதை போக்கர்காரர்கள் டில்ட் என்பார்கள். அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யாமல் போவதில்லை. வேலை செய்யும், ஆனால் போனதை உடனே மீட்பதற்கான காரணங்களை மட்டும் தேடித் தரும். அதனால், 'அப்போது யோசித்து நிதானமாக இருப்பேன்' என்று முடிவு செய்வதில் பயனில்லை. யோசிக்கத் தேவையில்லாத விதி வேண்டும், அதுவும் சூடு வருவதற்கு முன்பே.

என் யோசனை இது. சிப்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கையில் போனால், அடுத்த ஒரு சுற்று முழுவதும் உட்காராதீர்கள். ஏழு பேர் என்றால் ஏழு கை. எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள், மாடிச் சுவர் ஓரமாக நில்லுங்கள். ரெண்டாவது முறை வாங்கிய சிப்ஸும் தீர்ந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, வேடிக்கை பார்க்கலாம். இந்த ரெண்டையும் ஆட்டம் தொடங்கும்போதே நண்பர்களிடம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும். நீங்கள் மறந்தாலும் அவர்கள் ஞாபகப்படுத்துவார்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். திங்கள் விடியும் முன்னால் தலையில் லைட்டோடு தோட்டத்தில் நிற்க வேண்டியவர், ஞாயிறு ராத்திரி ஒரு மணிக்கு எடுக்கும் முடிவு எப்படி இருக்கும்? எந்த மணிக்கு அப்புறம் உங்கள் சிப்ஸ் கரைகிறது என்று கவனியுங்கள், அதற்கு முன்னால் எழுந்துவிடுங்கள்.

இனி தன்னம்பிக்கை. ஜெயித்தால் அது வரும் என்று நினைக்கிறீர்கள். ஜெயிப்பதால் வருகிற தைரியம் அடுத்த தோல்வியில் போய்விடும், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். நிற்கிற தைரியம் கணக்கிலிருந்து வரும். கஷ்டமான கணக்கு ஒன்றுமில்லை.

நடுவில் சேர்ந்த சிப்ஸ் 300 இருக்கிறது. எதிராளி 150 வைக்கிறார். நீங்களும் அதே அளவு வைத்து கால் செய்தால் மொத்தம் 600, அதில் உங்கள் பங்கு 150, அதாவது நாலில் ஒன்று. இப்படி நாலு முறை கால் செய்து மூன்று முறை தோற்றால் போவது 450. நாலாவது முறை ஜெயித்தால் வருவதும் 450. ஆக, அவர் நாலில் ஒரு முறைக்கு மேல் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு ப்ளஃப் அடிக்கிற ஆள் என்றால் நீங்கள் கால் செய்யலாம். 'இவன் இப்போது பொய் சொல்கிறானா?' என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த விலைக்கு எத்தனை முறை நான் சரியாக இருந்தால் போதும் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் நடுக்கம் வருகிறது. ரெண்டாவதற்குச் சொல்ல முடியும்.

இதே கணக்கு உங்களை நிறுத்தவும் செய்யும். டர்ன் விழுந்த பிறகும் உங்கள் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது. பார்க்காத சீட்டு 46, உங்களுக்கு உதவுவது 9. அஞ்சில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. கேட்கிற விலையோ நாலில் ஒன்று. ஃப்ளஷ் முடிந்தாலும் எதிராளி மேற்கொண்டு பெரிதாகக் கட்டமாட்டார் என்று தோன்றினால் வைத்துவிடுங்கள். பாருங்கள், தைரியமாகக் கட்டுவதும் அமைதியாக வைப்பதும் ஒரே கணக்கிலிருந்துதான் வருகின்றன. கட்டுப்பாட்டையும் தன்னம்பிக்கையையும் ரெண்டு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே குறையாகத்தான் தெரிகிறது: காரணம் இல்லாமல் சிப்ஸ் நகர்கிறது, காரணம் இல்லாமல் சீட்டு கீழே போகிறது.

சீட்டைக் காட்டிச் சிரிக்கிற நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாக ஆடுகிற எவரும் சில ப்ளஃபுக்கு மடிந்துதான் ஆக வேண்டும். யாரும் என்னை ஏமாற்றவே கூடாது என்றால் வருகிற எல்லா ரெய்ஸையும் கட்ட வேண்டும், அது நிச்சயமாகத் தோற்கும் வழி. மேலும், அவர் சீட்டைக் காட்டுகிறபோது உங்களுக்கு இலவசமாகத் தகவல் தருகிறார். எந்த இடத்தில், நடுவில் எவ்வளவு சிப்ஸ் இருக்கும்போது, எந்த மாதிரி ஃப்ளாப்பில் அவர் ப்ளஃப் அடிக்கிறார் என்று ஞாபகம் வையுங்கள். கோபப்பட்டால் அது மனதில் நிற்காது.

ஞாபகத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று கை மட்டும் எழுதுங்கள்: என் சீட்டு, உட்கார்ந்த இடம், நடுவில் இருந்த சிப்ஸ், என்ன நினைத்தேன், என்ன செய்தேன். யார் ஜெயித்தார் என்பதை எழுதாதீர்கள். ரெண்டு மாதம் கழித்துப் படிக்கும்போது, 'என்ன நினைத்தேன்' என்ற இடம் காலியாகக் கிடக்கிற கைகள் எத்தனை என்று தெரியும். அவைதான் நீங்கள் திருத்த வேண்டியவை.

ஆப் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னதை உங்கள் நண்பர் எடுத்துக்காட்டலாம். அதற்குப் பிறகு, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், காசு கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களுக்கும் தடை விதிக்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. இன்னும் காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் நடத்துகிற ஆப் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கே போன பணத்துக்கு எங்கே போய்க் கேட்பீர்கள்? சட்டத்தை விடுங்கள். நம் மாநிலத்தில் எத்தனை வீடுகள் இந்த ஆப்களால் கடனில் மூழ்கின, எத்தனை பேர் உயிரையே விட்டார்கள். ஒரு கை போனதும் அடுத்த கையில் கண்ணை மூடிக்கொண்டு ஆல் இன் போகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் இருக்கிற ஒருவர் கையில், ராத்திரி தனியாக இருக்கும்போது, வங்கிக் கணக்கோடு இணைந்த ஒரு போன். இதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது தம்பி. உங்களுக்கோ நண்பர்களுக்கோ கடன் வாங்கி ஆடும் எண்ணம் எப்போதாவது வந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்துகிற இலவச மனநல உதவி அது, தமிழிலேயே பேசலாம்.

கோவாவில் கேசினோ சட்டப்படி நடக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து நடத்துகிறவர்கள் ஒரு பங்கு எடுப்பார்கள். எதிராளியை ஜெயித்தால் மட்டும் போதாது, அந்தப் பங்கையும் சேர்த்து ஜெயிக்க வேண்டும். 2003இல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் ஒரு சாதாரணக் கணக்காளர் 25 லட்சம் டாலர் ஜெயித்த கதையை யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அன்று 839 பேர் ஆடினார்கள். மற்ற 838 பேரின் கதையை யாரும் சொல்வதில்லை. மாடியில் சிப்ஸை வைத்தே நிதானம் தவறுகிறவர் அங்கே இப்போது போகக் கூடாது. ஒரு வருஷம் நோட்டு எழுதுங்கள், அப்புறம் கேளுங்கள்.

வருகிற ஞாயிறு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எத்தனை கை போட்டார்கள், அதில் எத்தனையில் நீங்களாக விரும்பிச் சிப்ஸ் வைத்தீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். கட்டாயமாக வைக்கிற ப்ளைண்டைச் சேர்க்க வேண்டாம். அந்த ரெண்டு எண்ணையும், பெரிதாகத் தோற்ற ஒரு கையை முழுசாகவும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அஞ்சில் ஒன்றுக்கு மேல் வந்தால் எந்தெந்தக் கைகளை விட்டிருக்கலாம் என்று அடுத்த இதழில் சேர்ந்தே பார்ப்போம்.