பதில்: ஜோர்டான் பாறை எழுத்து முஸ்னத் அட்டவணையோடு பொருந்தவில்லை

வணக்கம் நண்பரே. ஜோர்டானின் சஃபாவி ஊர்ப் பக்கம் கரிய பசால்ட் கல்லில் பார்த்த எழுத்தை, யேமனின் பழைய எழுத்தான முஸ்னத்தின் எழுத்து அட்டவணையோடு ஒப்பிட்டும், சொல் எங்கே பிரிகிறது என்றே புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அட்டவணைதான் பொருந்தாதது. முஸ்னத்தில் சொற்களுக்கு நடுவே செங்குத்துக் கோடு வரும். வடகிழக்கு ஜோர்டானில் அதிகம் கிடைப்பது சஃபாயிதிக் என்ற இன்னொரு பழைய எழுத்து. உறவு எழுத்துதான், ஆனால் சொல்பிரிப்பு கிடையாது, உயிர் ஒலிகளும் எழுதப்படுவதில்லை. வரி எந்தப் பக்கமும் ஓடும், சில கற்களில் வளைந்து சுற்றும். இதன் 28 எழுத்துகளையும் 1901இல் அடையாளம் கண்டு முடித்தவர் ஜெர்மன் அறிஞர் எனோ லிட்மன்.

முதலில் ஓரத்தில் நீளமான ஒற்றைக் கோட்டைத் தேடுங்கள். அது 'ல்', 'இன்னார் எழுதியது' என்பது போன்ற தொடக்கம். அடுத்து பெயர், பிறகு 'ப்ன்' (மகன்), அப்புறம் அப்பா பெயர், மறுபடி 'ப்ன்', தாத்தா பெயர்... சிலர் பல தலைமுறை வரை போவார்கள்! 'ன்' குட்டையான கோடு, அதனால் நீளத்தைக் கவனமாகப் பாருங்கள். 'ப்ன்' வரும் இடங்களைக் குறித்தாலே பெயர்கள் பிரிந்துவிடும். அதன் பிறகு வருவது பெரும்பாலும் மந்தை மேய்த்தது, இறந்தவருக்காக அழுதது, லாத் தெய்வத்திடம் பாதுகாப்பு வேண்டியது போன்றவை.

உங்கள் படம் உச்சி வெயிலில் எடுத்தது போலிருக்கிறது, கீறல் தெரியவில்லை. காலை அல்லது மாலைச் சாய்வெளிச்சத்தில் எடுங்கள். சாக்பீஸ் தடவ வேண்டாம், கல்லை நகர்த்தவும் வேண்டாம். எழுத்துகளைத் தாளில் வரைந்துகொண்டு, ஓசியானா என்ற இணையத் தரவுத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். புதுப் படம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.