பிரேசிங் அட்டவணையும் ஷியர் வால் கணக்கும்

அன்புத் தம்பிக்கு,

அமெரிக்காவில் மர வீடுகளை வரையும் அலுவலகத்தில் சேர்ந்திருப்பதாகவும், ஒருவர் வால் பிரேசிங் அட்டவணை போதும் என்றும் மற்றொருவர் ஷியர் வால் கணக்குப் போடச் சொல்லியும் குழப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளும்போது வீடு சாயாமல் சுவர்களை வலுப்படுத்தும் இரண்டு வழிகள் இவை. உரிமத் தேர்வைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஐஆர்சி என்ற, அமெரிக்க வீடுகளுக்கான விதிநூலின் பிரேசிங் அட்டவணையில் காற்றின் வேகம், நிலநடுக்க வகை, மாடிகள், சுவர்வரிசைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஆகியவற்றைப் பார்த்தால், எத்தனை அடி நீளத்துக்குப் பேனல், அதாவது சட்டத்தின்மேல் பலகை அறைந்த சுவர்ப்பகுதி, வேண்டும் என்பது கிடைத்துவிடும். குறுக்குச் சுவர்கள், ஜிப்சம் பலகை, வீட்டின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து தாங்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது அது. அதனால்தான் பெரும்பாலான பேனல்களுக்கு ஹோல்ட்-டவுன், அதாவது சுவர்முனையைக் கீழே பிடித்துவைக்கும் இரும்புப் பிணைப்பு, கேட்பதில்லை. ஷியர் வாலிலோ, கூரையில் விழும் பக்கவாட்டு விசை எந்தச் சுவருக்கு எவ்வளவு வருகிறது என்று நீங்களே கணக்கிட்டு, அதற்கேற்ப, பலகையைச் சட்டத்தோடு இணைக்கும் ஆணிகளின் இடைவெளியை 6, 4, 3 அல்லது 2 அங்குலமாக வைத்து, சுவரின் முனை மேலெழும்பாதபடி ஹோல்ட்-டவுன் கொடுத்து, அடித்தளம் வரை விசையைக் கொண்டுசேர்க்க வேண்டும்.

வந்த புதிதில் நான் இரண்டையும் கலந்துவிட்டேன். கராஜ் கதவை ஒட்டி 8 அடி உயரமும் 2 அடி அகலமும் உள்ள துண்டுச் சுவரை ஷியர் வாலாகக் கணக்கிட்டுவிட்டு, அட்டவணை கேட்கவில்லை என்று ஹோல்ட்-டவுனை விட்டுவிட்டேன். உயர அகல விகிதம் 3.5-ஐத் தாண்டக்கூடாது; என் சுவரில் அது 4. மூத்த பொறியாளர் வரைபடத்தின் ஓரத்தில், கணக்கின் வலிமையையும் அட்டவணையின் சலுகையையும் ஒருசேர எடுக்காதே என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

மர வீட்டைத் தீப்பெட்டி என்று இகழும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர். கான்கிரீட் தெரிந்தால் மரமும் தெரியும் என்ற அந்த நினைப்பு எனக்கு வருத்தம் தருகிறது. மரத்துக்கென்று தனிக் கணக்கு உண்டு; அதை எளிதாக எண்ணிவிடக்கூடாது. கலிபோர்னியாவில் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் ஒரு மரச்சட்ட அடுக்குமாடியின் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள்.

என் வரைபடத்தைத் திருப்பி அனுப்பியபின், அந்த மூத்த பொறியாளரே என்னைக் கட்டுமிடத்துக்கு அழைத்துச் சென்று, சுவர்ப் பலகைமேல் விரலை வைக்கச் சொன்னார். காற்றுத் துப்பாக்கியின் அழுத்தம் மிகுந்து, ஆணித்தலைகள் மேற்பரப்பைக் கிழித்து உள்ளே புதைந்திருந்தன. தாளில் நான் எழுதிய வலிமை அந்தச் சுவரில் இல்லை. ஆணிகளுக்கு நடுவே புதிய ஆணிகள் அடிக்கவைத்து, மாலை வரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். இன்றும் சுவரை மூடுவதற்கு முன் அப்படித்தான் பார்க்கிறேன்.