உடுக்கை ஏன் அமுங்குகிறது?

கேள்வி: தாத்தாவின் உடுக்கையை வீட்டிலேயே 24 பிட்டில் பதிவு செய்தேன். 40 அடிகளைத் தனித்தனியாக வெட்டி சாம்ப்ளரில் (பதிவான ஒலித் துண்டுகளை வாசிக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறேன். இருப்பதிலேயே பலமான அடி மைனஸ் 32 டெசிபெல்தான் (உச்ச அளவு பூஜ்ஜியம்) காட்டுகிறது. ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடி) உச்சிக்கு ஏற்றியும் பாட்டில் எடுபடவில்லை. நார்மலைஸ் (ஒலியை உச்ச அளவு வரை ஏற்றும் கட்டளை) கொடுத்தால் ‘உஸ்’ என்று இரைகிறது, தாளமும் என்னவோ போல் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், தேனி

பதில்: முதலில் ஃபேடரிலிருந்து கையை எடுங்கள் தம்பி. பாட்டுக்குள் எது முன்னால், எது பின்னால் என்று உட்கார வைக்கத்தான் அது. அதன் பூஜ்ஜியக் குறிக்கு மேல் 6 டெசிபெல் கிடைக்கும், தாராளமான மென்பொருளில் 12. உங்களுக்கு வேண்டியதோ மைனஸ் 32-லிருந்து மைனஸ் 10 வரை, அதாவது 22. அதை ஆடியோ கோப்பிலேயே ஏற்ற வேண்டும். கம்ப்ரஸர் (ஒரு அளவைத் தாண்டும் ஒலியை அமுக்கும் கருவி) போடுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். ஃபேடர் வழக்கமாக அதற்குப் பின்னால் வருகிறது. இவ்வளவு மெல்லிய அடி கம்ப்ரஸர் வேலை தொடங்கும் அளவைக்கூடத் தொடாது.

நார்மலைஸை 40 கோப்புக்கும் தனித்தனியாகக் கொடுத்திருப்பீர்கள், அங்கேதான் கெட்டது. விரல் நுனியால் தட்டிய அடி மைனஸ் 50-இல் இருக்கிறது என்று வையுங்கள். அதையும் பூஜ்ஜியத்துக்குத் தூக்கினால், மைனஸ் 75-இல் சும்மா கிடந்த அறை இரைச்சலும் 50 டெசிபெல் ஏறி மைனஸ் 25-இல் வந்து உட்காரும். அதோடு மெல்லடியும் பலத்த அடியும் ஒரே உயரம்! ஒருமுறை ஒரு கடத்துக்கு நானும் இதைச் செய்தேன். வாசித்த பெரியவர் கேட்டுவிட்டு, “டைப்ரைட்டர் நல்லா இருக்கு, நான் வாசிச்சது எங்கே?” என்றார். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

ஆகவே 40-ஐயும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே 22 டெசிபெல் கொடுங்கள். பலத்த அடி மைனஸ் 10-இல் நிற்கும், மெல்லடி மைனஸ் 28-இல், இரைச்சல் மைனஸ் 53-இல். இழுப்பும் தட்டும் தாத்தா வாசித்த அளவிலேயே இருக்கும். மைனஸ் 10 போதுமா என்று கேட்காதீர்கள். மற்ற வாத்தியங்களும் சேரும்போது மாஸ்டரில் (எல்லாம் கலந்த இறுதி ஒலி) இடம் வேண்டாமா? 24 பிட் என்பதால் இப்படி ஏற்றுவதில் தரம் குறையாது. பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல், மொத்தம் 144. அதில் 32 போனாலும், மிச்சம் சி.டி.யின் 96-ஐவிட அதிகம்.

அடியில் ‘ம்ம்ம்’ என்று ஏதாவது கேட்டால் அது கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸாக இருக்கலாம். 80-க்குக் கீழே வெட்டிப் பாருங்கள். இழுப்பின் அடிநாதம் மெலிந்தால் 60-க்கு இறங்குங்கள்.

கேள்வி: 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (மிகப் பெரிய ஒலி அளவு வீச்சைப் பதிவு செய்வது) வாங்கினால் லெவல் தொல்லையே இல்லையாமே?
- வாசகி, ஈரோடு

பதில்: பீக் (உச்ச அளவு) தாண்டி உடைந்த ஒலியைப் பெரும்பாலும் மீட்டுத் தரும். மின்விசிறிச் சத்தத்தை அது எடுக்காது. விசிறியை அணைத்துவிட்டு, இரண்டடி தள்ளி இருக்கும் மைக்கை ஓரடிக்குக் கொண்டு வாருங்கள். காசு செலவில்லாமல் ஏறக்குறைய 6 டெசிபெல் கிடைக்கும். வியர்க்கும், துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.