பாத்ரூமுக்கும் அதே பளபளப்பு டைல்ஸா? வேண்டாங்க

வணக்கம். காரைக்குடியில் வீடு கட்டுறீங்க, ஹாலில் இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரே பாலிஷ் விட்ரிஃபைடு டைல்ஸ் (அதிக சூட்டில் சுட்டு இறுக்கினது) எடுத்தா விலை குறையும்னு கடைக்காரர் சொல்றார், முட்டிவலி இருக்கிற அம்மாவும் கூட இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க.

ஹால், படுக்கையறைக்குத் தாராளமா போடுங்க. தன் எடையில் 0.5 சதவீதம்கூடத் தண்ணி உறிஞ்சாது, சுலபத்தில் கறை பிடிக்காது. ஆனா அந்த வழவழப்பில் சோப்புத் தண்ணி பட்டா கால் நிக்காது. அம்மா விழுந்தா எந்த மிச்சமும் ஈடாகாது. பாத்ரூமுக்கு மேட் ஃபினிஷ் ஆன்டி ஸ்கிட் (பளபளப்பில்லாத, வழுக்காத டைல்ஸ்), 1 அடிக்கு 1 அடி போதும். சின்ன டைல்ஸில் தண்ணி ஓட வாட்டம் பிடிக்கிறது சுலபம், டைல்ஸ்களுக்கு நடுவில் இடுக்கு அதிகமா இருக்கிறதால பிடிமானமும் கிடைக்கும். கடையிலேயே ஒரு டைல்ஸைத் தரையில் வச்சு, தண்ணி ஊத்தி, செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னு பாருங்க.

சமையலறையில் மார்பிள் வேண்டாம். புளி, எலுமிச்சை பட்டா மங்கிடும். மேட் விட்ரிஃபைடு போட்டு, இடுக்குக்கு எபாக்ஸி (சிமெண்டுக்குப் பதிலா அடைக்கிற ரெசின் கலவை) அடைக்கச் சொல்லுங்க, மஞ்சக்கறை சுலபத்தில் ஏறாது.

பூஜை அறைக்கு ஆத்தங்குடி கல்லைப் பாருங்க, உங்க ஊர்ப் பக்கத்துச் சரக்கு. கண்ணாடி மேல கலர் சிமெண்ட் ஊத்திக் கையால் செய்றது. சூளையே கிடையாது, தண்ணியில் ஊறித்தான் இறுகும். நடக்க நடக்க மெருகு ஏறும். ஆசிட் மட்டும் படக்கூடாது.

கொத்தனாருக்குக் கணக்கு முடிக்கும் முன்னாடி ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டுங்க. பொள்ளல் சத்தம் வந்தா அடியில் கலவை நிரம்பலை, பெயர்த்துப் போடச் சொல்லுங்க.