கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ரேம் நாமளே மாட்டலாமா?

கேள்வி: எங்க வீட்டுல 2015ல அசெம்பிள் பண்ணி வாங்கின டெஸ்க்டாப் இருக்கு சார். நாலாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ரேம். குரோம்ல நாலஞ்சு டேப் திறந்தாலே அப்படியே நின்னுடுது. கடையில கேட்டா ரேம் ஏத்தணும், சர்வீஸ் சார்ஜ் தனின்னு சொல்றாங்க. நானே வாங்கி மாட்டலாமா? ஷாக் அடிக்குமான்னு பயமா இருக்கு. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தாராளமா மாட்டலாம்மா. ஷாக் பயம் வேணாம், 230 வோல்ட் வர்றது பவர் சப்ளை பெட்டிக்குள்ள மட்டும்தான், அந்த பெட்டிய மட்டும் எந்த காரணத்துக்காகவும் திறக்காதீங்க, ப்ளக்க புடுங்கின பிறகும் அதுக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். அதுக்கு வெளிய மதர்போர்டுக்கு போறது எல்லாம் 12 வோல்ட்டும் அதுக்கு கீழயும்தான். இங்க நமக்கு ஆபத்து கம்மி, நம்மளால ரேமுக்குதான் ஆபத்து ஜாஸ்தி.

ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. மெஷின் திணர்ற நேரத்துல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும். அதுல மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேல போயி டிஸ்க்கும் 100ல நிக்குதுன்னா ரேம் பத்தலன்னு அர்த்தம். ரேம்ல இடம் இல்லாம விண்டோஸ் பாதிய ஹார்ட் டிஸ்க்ல எழுதி எழுதி திரும்ப எடுத்துட்டு இருக்கும், அதான் அப்படி தொங்குது. மெமரி பாதிதான் இருக்கு, டிஸ்க் மட்டும் 100ன்னா ரேம் வாங்காதீங்க, அந்த காசுக்கு ஒரு எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வர்ற வேகமான டிஸ்க், போடுங்க. கடைக்காரங்க பல பேர் இத பார்க்காமலே ரேம்னு சொல்லிடறாங்க, அதுதான் எனக்கு கடுப்பு.

அப்புறம் செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட் போய் விண்டோஸ் 64 பிட்டான்னு பாருங்க. 32 பிட் போட்டிருந்தா 8 ஜிபி மாட்டினாலும் 4 ஜிபிக்கு மேல எடுக்காது, அதுலயும் முழுசா கிடைக்காது. அந்த காலத்துல அசெம்பிள் பண்ணவங்க நிறைய பேர் 32 பிட்டதான் போட்டு குடுத்தாங்க.

இப்ப எந்த ரேம்? நாலாவது ஜெனரேஷன்னா டிடிஆர்3, அதுல சந்தேகம் இல்ல. ஸ்பீடு 1333 இல்லன்னா 1600 இருக்கும், டாஸ்க் மேனேஜர்லயே பெர்ஃபார்மன்ஸ், மெமரி போனா ஸ்பீடும் காட்டும், ரேம் சொருகற ஸ்லாட் எத்தன இருக்கு, அதுல எத்தன யூஸ் ஆகுதுன்னும் காட்டும். உங்க மதர்போர்டு எச்81ங்கற சிப்செட் போட்ட போர்டா இருந்தா ரெண்டு ஸ்லாட்தான், மொத்தம் 16 ஜிபி வரைக்கும் எடுக்கும். இருக்கற 4 ஜிபி கூட அதே ஸ்பீடுல இன்னொரு 4 ஜிபி போட்டா ரெண்டும் சேர்ந்து டூயல் சேனல்ல ஓடும், அதாவது ப்ராசசர் ரெண்டு ரேமையும் ஒரே நேரத்துல பயன்படுத்தும், உங்க வேலைக்கு 8 போதும். லேப்டாப் ரேம் நீளத்துல பாதிதான் இருக்கும், கடையில டெஸ்க்டாப்னு தெளிவா சொல்லி வாங்குங்க. முடிஞ்சா பழைய ரேமோட ஸ்டிக்கர ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு போயி அதையே காட்டுங்க, பேசி புரிய வைக்கறத விட அது ஈஸி.

இனி மாட்டற வேலை. ஷட் டவுன் பண்ணா மட்டும் போதாது, ப்ளக் சொருகி இருக்கற வரைக்கும் போர்டுல ஸ்டாண்ட்பை 5 வோல்ட் இருந்துட்டேதான் இருக்கும், சில போர்டுல ஒரு சின்ன லைட் எரிஞ்சுட்டே இருக்கும் பாருங்க, அதுதான். அந்த நிலைமையில ரேம சொருகினா ரேமும் போகலாம் போர்டும் போகலாம். கரண்ட் கட் ஆயிருக்கு அதனால சேஃப்னும் நினைக்காதீங்க, யுபிஎஸ் இருக்கும், இன்வெர்ட்டர் இருக்கும். பின்னாடி இருக்கற பவர் கேபிள், மானிட்டர் கேபிள் எல்லாத்தையும் கழட்டிட்டு பவர் பட்டன ஒரு அஞ்சு பத்து செகண்ட் அழுத்தி பிடிங்க, மிச்சம் இருக்கற சார்ஜ் இறங்கிடும்.

சிபியு பெட்டிய மேஜை மேல படுக்க வைங்க. பின்பக்கம் ரெண்டு ஸ்க்ரூ கழட்டினா பக்கவாட்டு தகடு வந்துடும். பத்து வருஷ தூசி இருக்கும், மொட்டமாடிக்கோ வாசலுக்கோ எடுத்துட்டு போயி ப்ளோயரோ பிரஷ்ஷோ வச்சு தட்டுங்க. ஃபேன விரலால புடிச்சுக்கிட்டு ஊதுங்க, சுத்த விடாதீங்க. வேக்யூம் கிளீனர் வேணாம், அதுல ஸ்டாட்டிக் கிளம்பும்.

ஸ்டாட்டிக்னு சொன்னேன்ல, அத கொஞ்சம் கவனிங்க. நம்ம உடம்புல இருந்து சுருக்குனு அடிக்கறது நமக்கு உணர்றதுக்கே மூவாயிரம் வோல்ட் கிட்ட வேணும், சிப்புக்கு அதுல ஒரு சின்ன பங்கு போதும், நமக்கு ஒண்ணுமே தெரியாம ரேம் செத்துடும். மணிக்கட்டுல கட்டற ஸ்ட்ராப் இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவால்ல, பெயின்ட் இல்லாத வெறும் தகடு ஏதாவது ஒண்ண பெட்டியில தொட்டுட்டு அப்புறம் ரேம எடுங்க, வேலை நடுவுலயும் அப்பப்ப தொட்டுக்கோங்க. ஏசி ரூம், பாலியஸ்டர் புடவை, சோஃபா மேல உக்காந்து பண்றது இதெல்லாம் தவிர்த்துடுங்க. ரேம ஓரத்துல புடிங்க, தங்க கலர்ல இருக்கற காலு மேல விரல் படவே கூடாது.

ஸ்லாட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற கிளிப்ப வெளிப்பக்கமா சாய்ங்க. சில போர்டுல ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும், இன்னொரு பக்கம் அசையலன்னு ஒடைச்சுடாதீங்க. ரேம் காலுக்கு நடுவுல ஒரு வெட்டு இருக்கும், அது சரியா நடுவுல இருக்காது, ஸ்லாட்ல இருக்கற மேட்டோட அது பொருந்தணும், பொருந்தலன்னா திருப்பி வைங்க. பொருந்தினதும் ரெண்டு கட்டை விரலையும் ரெண்டு ஓரத்துல வச்சு நேரா கீழ அமுக்குங்க. சிம் கார்டு மாதிரி நைசா போகாது, நல்லாவே அழுத்தணும், போர்டு லேசா வளையற மாதிரி தெரிஞ்சா பயந்துடாதீங்க. டக்குனு சத்தம் வந்து கிளிப் தானா மேல ஏறி புடிச்சுக்கும். ஒரு கிளிப் ஏறாம இருந்தா பாதி உக்காந்த ரேம், அப்படியே ஸ்விட்ச் போட்டீங்கன்னா காசு போச்சு.

பெட்டிய மூடறதுக்கு முன்னாடியே கேபிள் எல்லாம் சொருகி ஒரு தடவ ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜர்ல 8 காட்டுதான்னு பார்த்துடுங்க. அன்னைக்கு ராத்திரி விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்னு தேடி அத ஓட விடுங்க, தானே ரீஸ்டார்ட் ஆகி ரேம் முழுக்க செக் பண்ணும். எர்ரர்னு வந்தா மறுநாளே கடைக்கு எடுத்துட்டு போங்க, பில்ல தொலைச்சுடாதீங்க.

கேள்வி: டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 பின்தானே, என் பழைய போர்டுல புது டிடிஆர்5 போட்டா ஸ்பீடா ஓடாதா அண்ணா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: உள்ளயே போகாது தம்பி. பின் எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் வெட்டு இருக்கற இடம் வேற, அதே போல டிடிஆர்4 ஓடறது 1.2 வோல்ட்ல, டிடிஆர்5 1.1ல. அமுக்கி பார்க்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ஸ்லாட் விரிஞ்சுடும்.

கேள்வி: 8 ஜிபி இருந்த மெஷின்ல இன்னொரு 8 போட்டேன். இப்ப டிஸ்ப்ளேவே வரல, பீப் பீப்னு கத்துது. போர்டு போயிடுச்சா? (வாசகர், திருச்சி)

பதில்: பெரும்பாலும் போயிருக்காது சார். பீப் வருதுன்னாலே போர்டு உயிரோட இருந்து ரேம்ல பிரச்சனைன்னு சொல்லுதுன்னு எடுத்துக்கோங்க. பவர் கேபிள கழட்டிட்டு ரெண்டு ரேமையும் எடுங்க, பழையத மட்டும் முன்னாடி இருந்த ஸ்லாட்லயே போட்டு பாருங்க. ஓடுச்சுன்னா அத எடுத்துட்டு அதே ஸ்லாட்ல புதுச மட்டும் போடுங்க. ஓடலன்னா புது ரேம்தான் கோளாறு, இல்லன்னா அந்த போர்டுக்கு அது ஒத்து வரல. தனித்தனியா ரெண்டும் ஓடி சேர்ந்து ஓடலன்னா ஸ்லாட்ட மாத்துங்க. நாலு ஸ்லாட் போர்டா இருந்தா ப்ராசசர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும்தான் பெரும்பாலான போர்டுல ஜோடி, போர்டு புக்குல படம் போட்டிருக்கும். அப்பவும் வரலன்னா பொத்தான் பேட்டரிய, சிஆர்2032ன்னு எழுதி இருக்கும், அத கழட்டி ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு போடுங்க, பயாஸ்னு சொல்ற போர்டோட அடிப்படை செட்டிங் பழைய நிலைமைக்கு வரும், தேதி நேரம் மட்டும் திரும்ப வைக்கணும்.

காலு கருத்திருந்தா ரப்பர் வச்சு தேய்க்கற பழக்கம் நம்ம ஊர் சர்வீஸ் கடையில எல்லாம் உண்டு. மெல்லிசான வெள்ளை ரப்பரா இருந்தா சரி, தூள் ஸ்லாட்ல விழாம தள்ளி வச்சு தேய்ங்க. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைச்சா துணியில தொட்டு துடைக்கறது இன்னும் நல்லது.

உங்களோடது டிடிஆர்5 மெஷினா இருந்து, பீப் இல்லாம வெறும் கருப்பு ஸ்க்ரீனா நின்னிருந்தா நான் வேற சொல்லியிருப்பேன். அதுல புது ரேம் போட்ட முதல் தடவ போர்டு அத பழகிக்க சில நிமிஷம் எடுக்கும், பொறுமையா விடணும், நடுவுல ஆஃப் பண்ணா திரும்ப முதல்ல இருந்து.

கேள்வி: புது ரேம் விலை எகிறிப்போச்சே, ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? ஆன்லைன்ல 8 ஜிபி டிடிஆர்3 ரொம்ப சீப்பா போட்டிருக்கான். (வாசகர், சென்னை தாம்பரம்)

பதில்: ஏஐ டேட்டா சென்டருக்குன்னு மெமரி கம்பெனிங்க திரும்பினதுல 2025 கடைசியில இருந்து விலை ஏறினது உண்மைதான். செகண்ட் ஹேண்ட் ரேம் தப்பில்ல, அதுல தேயற பாகம்னு ஒண்ணும் கிடையாது, ஆனா டெஸ்டிங் வாரன்ட்டி ஒரு வாரமாவது குடுக்கற கடையா பாருங்க. அந்த சீப் 8 ஜிபி மேட்டர்ல உஷார், விவரத்துல கீழ சின்ன எழுத்துல ஏஎம்டி போர்டுக்கு மட்டும்னு போட்டிருக்கான்னு படிங்க. அது சிப் அடுக்கு வேற மாதிரி இருக்கற ரேம், பழைய இன்டெல் போர்டுல அது ஓடாது. போர்டு எதுன்னு நீங்க எழுதல, இன்டெல்லா இருந்தா அத விட்டுடுங்க.